பூனையைச் சொன்னார்கள், எச்சிலைச் சொல்லவில்லை

அன்புள்ள அம்மா,

நம் ஊர் கிளாக்ஸ்விக்கில் காற்று அடங்கியதா? உங்கள் முழங்கால் படியேற விடுகிறதா? இங்கே டென்மார்க்கில், ஓடென்சேயில் நான் நலம். சளி மட்டும் உண்டு. குழந்தைகள் காப்பக வேலையில் அதற்குக் குறைவில்லை.

உடன் வேலை செய்யும் சிட்செலுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. நன்றாகப் பால் குடிக்கிறான். ஆனால் இடது காது கேட்கவில்லை. வலது காதும் போகப்போக மங்கலாம், நடக்கவும் தாமதமாகலாம் என்கிறார்கள். கர்ப்பத்தில் அவளுக்குத் தொற்றிய வைரஸ்தான் காரணம். சின்னப் பிள்ளைகளின் எச்சிலில் சாதாரணமாக இருப்பதாம். கீழே விழுந்த ரப்பர் நிப்பிளை நாம் நக்கிச் சுத்தம் செய்து பிள்ளைக்குத் திரும்பக் கொடுப்போமே, அப்படியும் தொற்றும்.

நேற்று மருத்துவமனைக்கு அவளுக்குத் துணையாகப் போனேன்.

"கர்ப்பமா இருந்தப்போ பாலாடைக்கட்டி சாப்பிடாதே, பூனைக் கழிவைத் தொடாதேன்னு எல்லாம் சொன்னீங்களே, இத மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டாள் சிட்செல்.

"வீணா பயமுறுத்த வேண்டாம்னுதான்," என்றார் டாக்டர்.

"எங்க பயத்த நாங்க பாத்துக்குவோம். நீங்க விஷயத்தச் சொல்லுங்க!" என்று நான் கத்திவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

உலர்த்திய ஆட்டிறைச்சி கொஞ்சம் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடும் மேசையில் அந்த வாசனையாவது இருக்கட்டும்.

தங்கை பெயின்டாவுக்கு இது மூன்றாம் மாதம் அல்லவா? மூத்தவன் மிச்சம் வைத்த கஞ்சியை அவன் கரண்டியாலேயே சாப்பிடுகிறாள். போனில் சொன்னேன். "அக்கா டென்மார்க் போய் டாக்டராயிட்டா!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். நீங்கள் எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள். அவள் குழந்தைக்காகவாவது யாராவது முன்னாலேயே சொன்னதாக இருக்கட்டும்.

அவசரத்தில்,
ரான்வா