வியாழக்கிழமை ஜீப்புக்கு ஐந்து டயர்கள்

செப்டம்பர் 18, 1995. திங்கள்

காலையிலிருந்து தூறல். வார்டு துணி எதுவும் காயவில்லை. ஆஸ்பத்திரி ஜீப்புக்கு டயர் கேட்டு மூன்றாவது கடிதம் கொடுத்தாயிற்று. முதல் இரண்டும் அலுவலகத்தில் டீ கிளாசுக்கு அடியில். கண்ணால் பார்த்தேன்.

கடிதத்தில் எழுதியது: வியாழன்தோறும் மருந்துப் பெட்டியோடு மைசூரிலிருந்து மார்டள்ளிப் பக்கம் போகிறோம். கொள்ளேகால், ஹனூர் தாண்டும்வரை தார் ரோடு. அப்புறம் காட்டோர ஊர்களுக்கு மண் பாதை, மழை பெய்தால் களிமண். டயரில் பட்டன் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. போன வாரம் மேட்டில் ஏறாமல் ஜீப் பின்னால் சறுக்கியது. இறங்கித் தள்ளினோம்.

எழுதாதது: தள்ளியவர்களில் நான்கு பேர் எங்களிடம் ஊசி போட்டுக்கொள்ள வந்த காய்ச்சல்காரர்கள்.

செப். 20. புதன்

கமிட்டி. மூன்று ஆண்கள், ஒரு தட்டு போண்டா. மூவரில் ஒருவர்கூட அந்த ஜீப்பில் ஏறியதில்லை.

டிரைவர் சின்னப்பன் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். ஒன்று, நெடுகக் கோடு போட்ட டயர்: தாருக்கு நல்லது, சேற்றில் உதவாது. இரண்டு, கட்டை கட்டையாக இடைவெளி விட்ட லக் டயர்: சேற்றில் ஏறும், ஈரத் தாரில் பிடிக்காது. மூன்று, இரண்டுக்கும் நடுவில் செமி-லக். பத்தில் எட்டுப் பங்கு தூரம் தார், இரண்டு பங்கு சேறு. அதனால் மூன்றாவது.

செயலாளர் ஞானராஜ் முடிக்கவிடவில்லை. ரிட்டையர்டு அதிகாரி. வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ. தமிழில் நடுநடுவே கன்னடம் கலக்கும். பெங்களூரில் ஏதோ எஸ்டேட்காரர் வண்டியில் லக் டயரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"காட்டுக்குப் போற வண்டி அல்வா, இல்லியா சிஸ்டர்? பாத்தா ஒரு கம்பீரம் வேணும்."

"போற வழியில முக்கால்வாசிக்கு மேல தார் ரோடு சார்."

"நீங்க சும்னே, சும்மா டென்ஷன் ஆகாதீங்க. ஊசி நீங்க போடுங்க, டயர் நாங்க போடறோம்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஒருவர் வாயில் போண்டா இருந்ததால் தாமதமாகச் சிரித்தார்.

சின்னப்பனை ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன். வெளியே மரத்தடியில்தான் நின்றிருந்தார். பதினெட்டு வருஷம் லாரி, ஆறு வருஷம் இந்த ஜீப். "டிரைவரைக் கேட்டா ஏரோப்ளேன் டயர் கேப்பான்" என்றார் ஞா. லக் டயர் என்று தீர்மானம் நிறைவேறியது.

இரவு ரசம், அப்பளம். தலைவலி.

செப். 27. புதன்

வெயில். டயர் வந்துவிட்டது. ஸ்டெப்னியோடு ஐந்து. ஒவ்வொரு கட்டையும் என் உள்ளங்கை அகலம். ஜீப் ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது. பிள்ளைத்தாய்ச்சி எப்படி ஏறுவாள் என்று கேட்டேன். ஞா. ஸ்டூல் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

செப். 28. வியாழன்

மூன்று மணி நேரம் காதுக்குள் மாவு மெஷின். தாரில் அப்படி ஒரு இரைச்சல். சின்னப்பனிடம் தண்ணீர் கேட்டேன், அவர் வண்டியை நிறுத்தி "ஏனுங்க சிஸ்டரு, வாந்தி வருதுங்களா?" என்கிறார். தடுப்பூசி டப்பாவை வழி நெடுக மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். முழங்கை வீக்கம்.

நியாயமாக ஒன்று எழுத வேண்டும். களிமண் மேட்டில் எறும்பு மாதிரி ஏறியது. யாரும் தள்ளவில்லை.

திரும்பும்போது ஹனூருக்கு மேலே லேசான மழை. சின்னப்பன் சைக்கிள் வேகத்தில் வந்தார். "தாருல நிக்க மாட்டேங்குதுங்க. பிரேக்க மிதிச்சா ஒரு மனசு யோசிச்சிட்டுத்தான் நிக்குது."

"செயலாளர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டுவான்னாருங்க."

அக். 2. திங்கள்

ஆயுத பூஜை. ஊரில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் மாலை. எங்கள் ஜீப்புக்கும். ஞா. ஒரு காலை முன் டயர்மேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார், ஆண்டறிக்கைக்கு. மருந்து அலமாரிச் சாவி காணோம். பிறகு என் கொண்டையிலேயே கிடைத்தது.

அக். 5. வியாழன்

 இரவுதான் திரும்பினேன்.

மார்டள்ளிக்கு அப்பால் ஒரு குடிசையில் சரசு, பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். நேற்றிலிருந்து வலி, குழந்தை இறங்கவில்லை. கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். ஸ்டூல் வரவில்லை. அவள் புருஷனும் நானும் தூக்கி ஏற்றினோம். அவள் மாமியார் பக்கத்தில்.

சேறு முழுக்கத் தாண்டிவிட்டோம். ஹனூர் இறக்கத்தில், நல்ல தாரில், மழை ஈரத்தில், ஒரு எருமை குறுக்கே வந்தது. பெரிய வேகம் ஒன்றுமில்லை. சின்னப்பன் மிதித்தார். ஜீப் நிற்கவில்லை. முன்னால் போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போனது. ரோடு என் ஜன்னலில் ஓடியது. ஓரத்து மண் கரையில் இடித்து நின்றது. எருமை அதன்பாட்டுக்குப் போய்விட்டது.

சரசுவுக்கு நெற்றி கிழிந்தது. ரோட்டின் இந்தப் பக்கம் கரை, அதில் மோதினோம். அந்தப் பக்கம் சறுக்கியிருந்தால் பள்ளம். அதற்குமேல் எழுதப் போவதில்லை.

முன் சக்கரம் கோணி நின்றது. சின்னப்பன் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். சாவியை என் பக்கம் நீட்டி, "நா இனி தொடமாட்டனுங்க."  எனக்குக் கோபம் வந்தது. "உக்கார நேரமில்ல, எந்திரிங்க, பஸ்ஸ நிறுத்துங்க" என்று கத்தினேன். எழுந்து நடு ரோட்டில் கையை விரித்து நின்றார்.

வந்த பஸ்ஸில் கண்டக்டர் பின் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். ஒருவரும் முனகவில்லை. கொள்ளேகாலில் மத்தியானம் இரண்டரைக்குப் பெண் குழந்தை. தாய்க்கு நெற்றியில் மூன்று தையல். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வண்டியில இனி ஏத்தாதீங்க கண்ணு" என்றாள். கும்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

அக். 6. வெள்ளி

மேகமூட்டம். ஞா. அறை. மேசையில் டைப் அடித்த தாள். டிரைவரின் கவனக்குறைவால் விபத்து, வேலையிலிருந்து விலகச் சம்மதிக்கிறேன் என்று. சின்னப்பன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போடப் போகிறார், தெரிந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

"அது டயரோட கோளாறு சார். நான் கமிட்டியிலேயே சொன்னேன்."

ஞா. கோபப்படவில்லை. டிராயரைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். "ஓதி பாருங்க சிஸ்டர். படிங்க."

'டயர்களைப் பார்வையிட்டேன். வாகனத்துக்கும் பாதைக்கும் பொருத்தமானவை. பெற்றுக்கொண்டேன்.' கீழே என் கையெழுத்து. டயர் வந்த அன்று போட்டது.

அன்று இந்தக் குறிப்பில் அதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். வாசித்துத்தான் போட்டேன். சண்டை போட்டு அலுத்திருந்தேன், மறுநாள் வண்டி வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. கையெழுத்துக்குக் கீழே 'ஸ்டெல்லா, பொறுப்பு அலுவலர்' என்று என் பெயரை டைப் அடித்திருந்தது. அதுவரை என் பெயரை யாரும் டைப் அடித்ததில்லை. பிடித்திருந்தது. அவ்வளவுதான். ஜீப்பின் மேல் காலை வைத்துப் போட்டோ எடுத்த ஆளைப் பார்த்து இத்தனை நாள் சிரித்தேன்.

சின்னப்பன் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். நான் கையெழுத்துப் போட்டிருந்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்: பொருத்தமில்லை என்று தெரிந்தே பெற்றுக்கொண்டேன். தெரிந்தே ஆட்களை ஏற்றினேன். டிரைவர் முன்பே எச்சரித்தார், என்னையும் செயலாளரையும். அவர்மேல் தவறில்லை. தேதி, பெயர். ஆஸ்பத்திரித் தலைவி, பெரிய டாக்டரம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞா. வராந்தா முழுக்கப் பின்னாலேயே வந்தார். "யோசனை பண்ணுங்க சிஸ்டர், யோசனை பண்ணுங்க" என்று. வெள்ளை ஷூ வேகமாக நடந்தால் கீச்சென்று சத்தம் போடுகிறது.

அக். 9. திங்கள்

டாக்டரம்மா உத்தரவு, மூன்று வரி. டிரைவர் தொடரலாம். டயர் மாற்ற வேண்டும், டிரைவர் சொல்கிறபடி. நர்ஸ் ஸ்டெல்லா இனி வெளிநோயாளிப் பிரிவில்.

மூன்றாவது வரியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. ஸ்டோர் ரூமில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தேன். பஞ்சு மூட்டை வந்திருக்கிறது, கணக்கில் ஒன்று குறைவு.

அக். 10. செவ்வாய்

முன் சக்கரம் சரிசெய்து ஜீப் வந்துவிட்டது. லக் டயர்களைத் திருப்பிக் கொடுக்க சின்னப்பன் என்னையும் கூப்பிட்டார். "நீங்க வந்தாத்தானுங்க நாலு வார்த்த கேப்பாங்க."

கடைக்காரர் புதுசாக எதை எதையோ காட்டினார். "இது பாருங்க, நோடோக்கு எஷ்டு சென்னாகிதே, பாக்க எவ்வளவு அழகு." சின்னப்பன் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நடுவில் கட்டைகள் நெருக்கமா, அது தாருக்கு. ஓரத்தில் இடைவெளி இருக்கா, அது சேற்றைக் கக்க. பக்கச் சுவர் தடியா, அது கல்லுக்கு. ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தார். நாலு டயரை ஒதுக்கி ஐந்தாவதில் நின்றார். அரை மணி நேரம்.

"சேத்துல எறங்கறப்ப கொஞ்சம் காத்த எறக்கிக்கோணும், தாருக்கு வந்ததும் கால் பம்புல அடிச்சுக்கலாமுங்க. அது போதும்."

ஆறு வருஷத்தில் அவர் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. நான் மட்டும் என்ன, அவரைப் பேசவிட்டேனா? அவர் சொன்னதை எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன், அவரை மரத்தடியில் நிற்கவிட்டு.

அக். 12. வியாழன்

நல்ல மழை. ஆறரைக்கு ஜீப் கிளம்பியது. என் இடத்தில் புது நர்ஸ் பெண், இருபத்து மூன்று வயது, கன்னடம் நன்றாக வரும், தமிழ் தட்டுத்தடுமாறி. தடுப்பூசி டப்பாவை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். கொள்ளேகாலில் சரசுவின் தையலைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். சின்னப்பன் கையை மட்டும் உயர்த்தினார்.

ஒன்பது மணிக்கு வெளிநோயாளி வாசலில் ஞா. குடையோடு.

"பாத்தீங்களா சிஸ்டர்? செமி-லக்தான் நம்ம பாதைக்கு சரின்னு நான் ஆரம்பத்துலயே நினைச்சேன். கமிட்டில மத்தவங்க கேக்கல."

"அப்படியா சார்."

"ஆண்டறிக்கைல போடணும். நீங்க ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. உங்களுக்குத்தான் விஷயம் தெரியும்."

"எழுதறேன் சார். கீழ பேர் மட்டும் டிரைவர் சின்னப்பன்னு போடுவேன்."

குடையைச் சுருக்கினார், மறுபடி விரித்தார். வரிசையில் நாற்பது பேர். முதல் ஆளுக்குக் காதில் சீழ்.