நாலில் ஒன்று

பென்னலூர்
செவ்வாய்க்கிழமை மாலை

அன்புள்ள சத்யாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கனிஷ்காவும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று நேற்றுக்கூட அம்மா வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்தாள். அவள் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கோயில் படி என்றால் மட்டும் வலிப்பதில்லையாம். கம்பெனி பஸ்கள் இப்போது நம் தெருவுக்குள் வந்து திரும்புவதால் வாசலில் போட்ட கோலம் எட்டு மணி வரைகூட நிற்பதில்லை. போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் எனக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வருவதில்லை, பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள். எழுதினால் அடித்துத் திருத்தலாம். முடித்ததும் அம்மா இதைப் படம் எடுத்து அனுப்புவாள். இன்றைக்கே படித்துவிடு, விஷயம் அப்படி.

மாடியில் குடியிருக்கும் பூமாரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வருஷம் நீ லீவில் வந்தபோது அவள் குழந்தை தென்றலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கால் இரண்டும் விரிந்தே கிடக்கிறதே, உதைக்கவே இல்லையே என்று நீதான் முதலில் கவனித்தாய். பிறகு சென்னையில் பரிசோதித்து, நரம்பு செத்துத் தசையெல்லாம் சோர்ந்துபோகும் அந்த நோய்தான் என்று உறுதியானது. பரம்பரை நோய் உள்ள குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் உன் வேலை என்பதால், முடிவு வந்ததும் நீ அங்கிருந்து வீடியோவில் அவளிடமும் அவள் புருஷன் மணிகண்டபிரபுவிடமும் பேசினாய். இருவரும் நம் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பழுது இரண்டு பேருக்குள்ளும் வெளியே தெரியாமல் இருக்கிறது, அதனால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அடுத்து உண்டானால் மூன்றாம் மாதமே பரிசோதித்துப் பார்க்கலாம் என்று நிதானமாகச் சொன்னாய். இருவரும் தலையாட்டினார்கள். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்றுதான் பக்கத்திலிருந்த நானும் நினைத்தேன். கார்த்திகையில் சளி கட்டி மூச்சுத் திணறிக் குழந்தை போனது உனக்குத் தெரியும்.

பூமாரி மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று அம்மா உனக்குச் சொன்னாள் அல்லவா. அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் சொல்லவில்லை. டெஸ்டுக்கு எப்போது போகிறீர்கள் என்று ஒருநாள் வாசலில் மணிகண்டபிரபுவிடம் மெதுவாகக் கேட்டேன். அவன் ஒரகடத்தில் காருக்குப் பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறான். சிரித்துக்கொண்டே, “எதுக்கு சார் டெஸ்ட்டு? அக்கா அன்னைக்கே சொன்னாவல்லா, நாலுல ஒண்ணுன்னு. எங்க மிஷின்ல ஒரு அச்சுக்கு நாலு குழி சார். ஒரு குழி பழுதுன்னா அதை அடைச்சிட்டு மத்த மூணையும் ஓட்டுவோம், எல்லாம் சுத்தமான பீஸா விழும். எங்களுக்குள்ள பழுது ஒண்ணு, அதுதான் போயிட்டே. இனி மூணும் நல்லதுதான்” என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு தெம்பு. அப்படியா தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னதும், “வாடகை கேக்கக்கூட நான்தான் மாடி ஏறணும், இதுக்கும் நான்தான் போகணுமா? படிச்ச மனுஷன், நீங்களே போய்ச் சொல்லுங்க” என்று திட்டினாள். எப்படிச் சொல்வது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டு மறுநாள் காலை போனேன். மேலே போனதும் எழுதியது ஒன்றும் உதவவில்லை. தம்பி, இது அச்சு இல்லை, சோழி மாதிரி, ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கிப் போடுவது, போன முறை என்ன விழுந்தது என்பது இந்த முறைக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். அவன் விரலை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தான். பிறகு, “அப்பம் எம்புள்ள போனது கணக்குல சேராதா சார்?” என்று கேட்டான். சேராது என்றேன். அந்த முகத்தை நீ தினமும் பார்க்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மகள் ஏதோ ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேசுகிற வேலை பார்க்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடனே சென்னைக்குப் போனார்கள். சனிக்கிழமை முடிவு வந்தது. அதே நோய்தான் சத்யா.

மணிகண்டபிரபுவின் அம்மா சந்திரலேகா நாங்குநேரியிலிருந்து வந்திருந்தார். “எங்க குடும்பத்துல இப்படி ஒண்ணு கெடையாது, இவ வயித்துலதான் கோளாறு, எம்மவனுக்கு வேற பொண்ணா கெடைக்காது” என்று மாடிப்படியில் நின்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார். நம் அம்மா சும்மா இருப்பாளா. “பூமாரி உங்ககூடப் பொறந்த அண்ணன் பொண்ணுதானேம்மா, உங்க குடும்பம் வேற, அவ குடும்பம் வேறயா?” என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். எனக்கு மாமியார், மருமகள் இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் அவர் ஊருக்குப் போய்விட்டார். மணிகண்டபிரபு ஓ.டி. வேலை என்று சொல்லிக்கொண்டு சாப்பிட மட்டும் வருகிறான். கெட்டவன் இல்லை, அவளை நேராகப் பார்க்கப் பயப்படுகிறான். ஞாயிற்றுக்கிழமை நீ அவனோடு மட்டும் தனியாகப் பேச வேண்டும்.

நேற்று பூமாரி கீழே வந்து, “உங்க மவளுக்கு இப்படின்னா என்ன செய்யச் சொல்லுவீய சார்?” என்று கேட்டாள். முடிவை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் எடுக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று நீ ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. அவளிடம், நீ எதைச் சொன்னாலும் நாங்கள் கூட வருவோம் அம்மா என்று மட்டும் சொன்னேன். அது உன் தொழிலின் ஒழுங்கா, என் கோழைத்தனமா என்று ராத்திரி முழுவதும் யோசித்தும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள், “இன்னொரு பிள்ளைக்கு அந்த மூச்சு இழுக்கிறதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல சார்” என்றாள். கலைப்பதென்றால் வியாழக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். “கூட யார் வாராவன்னு நர்ஸம்மா கேட்டா உங்களைச் சொல்லலாமா?” என்று கேட்டாள். சொல்லு என்றேன். ஆட்டோ அன்பு, “இன்னா சார் நீ, கேக்கணுமா, காலைல நானே வந்து இட்டுகினு போறேன்” என்கிறான். எதற்கென்று அவனிடம் சொல்லவில்லை.

உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் யாருக்குச் சொன்னாலும், கேட்டதை அவர்கள் வாயாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல். உனக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன். இப்படிப்பட்ட வேலையை முடித்துவிட்டு வருகிற நாளில் உடனே கார் ஓட்டாதே. கொஞ்சம் உட்கார்ந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. மாப்பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசு. நீ எங்களிடம் இதையெல்லாம் சொல்லாமல் இருந்தது எங்களைக் காப்பாற்றத்தான் என்று இப்போது தெரிகிறது. இனி சொல்லலாம். அம்மா கேட்டுக்கொள்வாள், நானும் முயற்சி செய்கிறேன்.

முருகன் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். கனிஷ்காவுக்குத் தாத்தாவின் முத்தம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வியாழக்கிழமை நாங்கள் போகும்போது உனக்கு விடிந்திருக்காது, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள். நீயாக அழைக்க வேண்டாம். பூமாரி உன்னோடு பேச வேண்டும் என்றால் நான் போட்டுக் கொடுப்பேன். போன் வரவில்லை என்றால், அவள் கேட்கவில்லை, நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
ஜீவானந்தம்