அத்தா மறுபடியும் குதித்துவிட்டார்

அன்பு மகள் அப்சானாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் அல்லாஹ்வின் கிருபையால் கை கால் முழுசாக, நல்ல சுகத்தோடு இருக்கிறோம். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அதே சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். கை கால் முழுசாக என்று ஏன் எழுதினேன் என்று பார்க்கிறாயா? உட்கார்ந்துகொண்டு படி. உன் அத்தா குதித்துவிட்டார். ஆமாம், விமானத்திலிருந்துதான், மைசூர் பக்கத்தில், போன ஞாயிற்றுக்கிழமை! போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய், அப்புறம் நானும் கத்துவேன், அதனால்தான் கடிதம்.

"எழுபத்தஞ்சு வயசுல இதெல்லாம் வேணாம், அத்தாவை விட்டுறாதீங்கம்மா" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. டாக்டரே சரி என்று எழுதிக் கொடுத்த பிறகும், தடுக்கத்தான் கூடவே போனேன். என் கையில் ஒரு பிடி இருந்தது. பட்டாளத்தில் குதிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் நிற்பவரின் பாராசூட் பையைப் பின்னால் நிற்பவர் வாரெல்லாம் இழுத்துப் பார்த்து, முதுகில் ஓங்கித் தட்ட வேண்டும், தட்டாமல் யாரும் விமானத்தின் வாசலுக்கு நகரமாட்டார்கள். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் உன் அத்தா வங்காளத்தில் குதித்த அன்றும் அப்படித்தான். பட்டாளத்தை விட்டு வந்து சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தபோதும் இவர் அதை விடவில்லை. காலையில் வேலைக்கு வருகிறவர்கள் ஒருவர் மடியை ஒருவர் பார்த்து, தீப்பெட்டி, போன் எதுவும் இல்லையென்று முதுகில் தட்டினால்தான் உள்ளே விடுவார். எத்தனையோ சீசன் ஓடியும் அங்கே ஒருவருக்கும் தீக்காயம் பட்டதில்லை, அல்ஹம்துலில்லாஹ். வீட்டில் அந்த வேலை என்னுடையது. நான் தட்டாமல் அவர் படி இறங்கி நீ பார்த்திருக்கிறாயா? ஆகவே தட்டமாட்டேன், மனுஷர் ஏறமாட்டார், பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பலாம் என்று நினைத்திருந்தேன்.

முதலில் அப்படியேதான் நடந்தது. கூடச் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கிற பையன் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டான், உன் அத்தா அசையவில்லை. "இவ தட்டட்டும்" என்கிறார். விமானம் உறுமிக்கொண்டு நிற்கிறது, கார் ஓட்டி வந்த நம் பக்கத்து வீட்டுச் செந்தூர்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் தட்டமாட்டேன், வாங்க வீட்டுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், வாரைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றிக்கொண்டே விமானத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார் அப்சானா. எனக்குப் பொறுக்கவில்லை. போய், அந்தப் பையனை மறுபடி மாட்டச் சொல்லி, ஒவ்வொரு வாராக இழுத்துப் பார்த்து, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து முதுகில் போட்டேன் ஒன்று! அந்தப் பையனே பயந்து தள்ளி நின்றான்.

அப்புறம் வானத்தில் ஒரு புள்ளி, அது குடையாக விரிந்தது. யா அல்லாஹ் என்று நான் கத்தியதில் மைதானமே திரும்பிப் பார்த்தது. ஓடினேன், முட்டிவலி எங்கே போயிற்றோ. புல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரிக்கிறார். "ஆசியா, அன்னைக்கு வங்காளத்துல நான் கண்ணையே தொறக்கல. வாசல்ல மூடுனவன் சகதியில விழுந்த பொறகுதான் தொறந்தேன். அம்புட்டு பயம்" என்றார். சின்ன வயசில் நீ தூங்கும்முன் சொல்வாரே, பொழுது சாய்கிறது, கீழே ஆறு தங்கமாக மின்னுகிறது, படகுக்காரர் கை காட்டுகிறார் என்று? எல்லாம் சொந்தச் சரக்காம்! "எம்மகளுக்குச் சொன்னதை ஒருவாட்டியாவது நெசமாப் பாத்துரணும்னுதான் வந்தேன்" என்றார்.

அதனால் திட்டாதே தாயே. இந்தக் கடிதத்தைச் செந்தூர்பாண்டி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவான், படித்ததும் கூப்பிடு. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், பிள்ளைகளுக்குக் காதை மூடி அனுப்பு. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் நிம்மதியையும் தருவானாக. மறந்துவிடாதே, நலம் விசாரிக்க வேண்டாம், "அத்தா, மேலேருந்து என்ன தெரிஞ்சது?" என்று மட்டும் கேள். உன்னிடம்தான் முதலில் சொல்வேன் என்று என்னிடம்கூட இன்னும் வாயைத் திறக்கவில்லை.

உன் பிரியமுள்ள அம்மா
ஆசியா பீவி
விருதுநகர்