கோல்கீப்பரிடம் இருந்த சாவி

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது. நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள், வேலை வேலை என்று வேளைக்குச் சாப்பிடாமல் இருக்காதே. நம் தெருக் கால்பந்துக் கழகத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. முடிதிருத்தும் கடைக்காரர்தான் இப்போது செயலாளர், வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பேனாவும் கையுமாக அலைகிறார். அச்சகத் தொழிலாளிகள் எட்டுப் பேர் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் பந்து உதைத்ததில் ஆரம்பித்து, சைக்கிள் கடை மாடியில் அறை பிடித்தது வரை எழுதிவிட்டார். அந்த அறைக்கு ஒரே சாவி. கோலைக் காக்கிறவன்தான் சாவியையும் காக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், அதனால் அது உன் அப்பாவிடம் இருந்தது. அவர் கோல்கீப்பர் என்று உனக்குத் தெரியும், ஏன் விட்டார் என்று தெரியாது. இப்போது சொல்கிறேன், கோபப்படாமல் படி.

கழகம் கோப்பைக்காக ஆட வேண்டிய இறுதி ஆட்டத்தன்று காலையில் உனக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அப்போது உனக்கு இரண்டு வயது. அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வீட்டுக்குப் போய் உன் துணிமணி எடுத்து வருகிறேன் என்று நான் கிளம்பியபோது, போற வழியில சைக்கிள் கடைக்காரர்கிட்ட குடுத்துடு என்று அப்பா சாவியைக் கொடுத்தார். நான் அந்தக் கடையைத் தாண்டித்தான் போனேன், தாண்டித்தான் திரும்பினேன், சாவி என் பைக்குள்ளேயே கிடந்தது. ஆட்டக்காரர்கள் அப்பா இதோ வருவார் அதோ வருவார் என்று அறை வாசலில் காத்திருந்து, கடைசியில் பூட்டை உடைத்துச் சட்டையும் பூட்ஸும் எடுத்துக்கொண்டு அவர்கள் மைதானம் போய்ச் சேர்வதற்குள் நடுவர் எதிரணிக்கு வெற்றி கொடுத்துவிட்டார். அப்பா என் பேச்சையே எடுக்கவில்லை, சாவி அனுப்ப நான்தான் மறந்தேன் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன், அது என் தப்பு. தெருவே அவரைப் பூட்டு என்று கூப்பிட்டது. அதற்குப் பிறகு அவர் மைதானத்துப் பக்கமே போகவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் ஆடிய ஒரு ஆட்டத்துக்குக் கூட வராததும் அதனால்தான், உன்மேல் அக்கறை இல்லாமல் இல்லையடா.

போன வாரம் செயலாளர் வந்து, கோல்கீப்பரின் அலட்சியத்தால் கோப்பை கைநழுவியது என்று படித்துக் காட்டினார். அதற்கு அப்பா, சரியாத்தான் இருக்கு, அச்சுக்குக் குடுங்க என்றார். எனக்குப் பொறுக்கவில்லை, அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு என்மேல்தான் கோபம். புள்ள அப்படிக் கெடக்கும்போது சாவி ஞாபகம் இருந்தாத்தான் அதிசயம், இதையெல்லாம் எதுக்கு இப்ப சொல்ற என்று கத்தினார். அந்த வரியை அடித்துவிட்டு, கோல்கீப்பரின் குழந்தைக்கு உடல்நலம் இல்லாததால் ஆட்டம் நடக்கவில்லை என்று செயலாளர் மாற்றிவிட்டார்.

நேற்று மாலை செயலாளரும் சைக்கிள் கடைக்காரரும் வந்து அப்பாவைக் கையோடு மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே அப்பா, நம்ம பையன் பள்ளிக்கூட டீம்ல எந்த இடத்துல ஆடுவான் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் என்னைக் கூப்பிடாதே, அவரைக் கூப்பிட்டு நீயே சொல்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் அம்மா