ஒன்பது பேருக்கு ஒரு டிரையர்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். இந்தத் தடவை 'எல்லோரும்' என்று தைரியமாகவே எழுதுகிறேன், ஏன் என்று கீழே வருகிறது. நீ நலமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் போனில் சொல்வது போல வெறும் 'ம்' போடாமல் ஒழுங்காகப் பதில் எழுது.

நம் வீட்டுக்குத் துணி உலர்த்துகிற மெஷின் வந்துவிட்டது. ஒரு டிரையருக்கா அம்மா இப்படிக் குதிக்கிறாள் என்று சிரிக்காதே. நாம் எப்படித் துணி காயப்போட்டோம் என்று உனக்குத் தெரியாதா? ஒன்பது பேர் என்று உண்மை சொன்ன இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள், பெரிய குடும்பம் என்றால் ஏதோ தொற்று வியாதி மாதிரி. அதனால்தான் ஐந்து பேர் என்று சொல்லி இந்த வீட்டைப் பிடித்தோம். பால்கனிக் கொடியிலும் ஐந்து பேர் துணி மட்டும். உன் அத்தை, சின்னவன், அண்ணனின் கடைசி இரண்டு பிள்ளைகள், இவர்கள் துணியெல்லாம் உள்ளே, நாற்காலி முதுகில், கதவு மேல், கட்டில் கம்பியில். அத்தை நாலு வருஷமாக நம் வீட்டு விருந்தாளி. வீட்டுக்காரர் வருகிற அன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவாள், மழையானாலும்.

இந்த மழைக்குக் கடைசிக் குழந்தைக்கு நெஞ்சில் விசில் சத்தம் வர ஆரம்பித்தது. ஈரத் துணியை அறைக்குள் போடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார் டாக்டர். சொல்வது சுலபம். ஜன்னலைத் திறந்தால் எத்தனை தலை என்று தெருவே எண்ணிவிடும். அண்ணி பிள்ளை மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க முடியாமல்தான் மறுநாளே அப்பாவை இழுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

வீட்டில் எத்தனை பேர் என்று கடைக்காரர் கேட்டதும் உன் அப்பாவின் வாய் தானாக அஞ்சு பேர் என்றது. கடையிலிருந்து நம்மை யார் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள்? ஆனால் பழகின வாய். கடைக்காரர் எங்களை நேராக ஆறு கிலோ மெஷின் முன்னால் கொண்டு நிறுத்தினார். அடக்கமா இருக்கு, யார் கண்ணுலயும் படாது என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் வெறுங்கையோடு போகவில்லை. நம் வாஷிங் மெஷினில் ஒரு தடவைக்குப் போடுகிற துணியை, காய்ந்த துணியைத்தான், மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தேன். அதை டிரம்முக்குள் திணித்தேன். கதவு என்னவோ மூடியது, உள்ளே விரல் நுழைய இடமில்லை. துணி புரள இடம் வேணும்மா, அடைச்சு வச்சா போர்வை சுருண்டு நடுவுல ஈரம் அப்படியே நிக்கும் என்று அவரே ஒத்துக்கொண்டார். துவைக்கிற மெஷின் எட்டு கிலோ பிடித்தால், உலர்த்துகிறது அதற்குக் குறையவே கூடாதாம். பிறகு மூட்டையைப் பார்த்து, அஞ்சு பேருக்கா இவ்வளவு துணி என்றார். உன் அப்பா கூரையில் விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஒன்பது பேருப்பா, இவருக்கு எண்ண வராது" என்றேன். சொன்னதும் என் முதுகு நிமிர்ந்துகொண்டது. பத்து கிலோ மெஷினை எடுத்தோம்.

அது வந்து இறங்கிய அன்றே, யார் வத்தி வைத்தார்களோ, வீட்டுக்காரர் மனைவியோடு வந்து நின்றார். அஞ்சு பேருக்கு எதுக்கு இந்த யானை என்றார். அத்தை வழக்கம்போல எழுந்து செருப்பைத் தேடினாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "ஒன்பது பேர் இருக்கோம் சார், நாலு வருஷமா இருக்கோம்" என்றேன். ஏமாத்திட்டீங்களே என்றார். ஆமாம், உண்மையைச் சொல்லியிருந்தால் வீடு கொடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். சுவரில் ஓர் ஆணி அடித்திருப்போமா, மாடிக் குழாய் உடைந்தபோது சரி செய்தது யார், உங்கள் கணக்கில் இல்லாத என் சின்ன மகன்தானே என்றேன். அண்ணி பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்து, "கம்பளி உள்ள போகுமா?" என்றாள். ரெண்டு போகும் என்றேன். மறுநாள் காலையில் இரண்டு கம்பளியோடு வந்துவிட்டாள். காலி பண்ணுகிற பேச்சு பிறகு வரவே இல்லை. அவர்களுக்குப் பெரிய மனசு என்று நீ உருகாதே. அவர்கள் வீட்டிலும் கம்பளி நாறுகிறது, அவ்வளவுதான்.

துணியிலிருந்து பிரிகிற தண்ணீர் ஒரு சின்னத் தொட்டியில் சேர்கிறது. முதல் நாள் அதைக் கொட்டும்போது, இத்தனையும் நம்ம மூச்சுல போனதுதானே அண்ணி என்றாள் அத்தை என்னிடம். குழந்தை இப்போது சத்தமில்லாமல் தூங்குகிறது. நேற்று கொஞ்சம் வெயில் அடித்தது. மெஷின் இருந்தும் வேண்டுமென்றே ஒன்பது பேர் துணியையும் பால்கனியில் காயப்போட்டேன். எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. நீ நினைத்ததெல்லாம் நடக்கும், என் வாயால் சொல்கிறேன். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், போன விடுமுறையில் வீட்டுக்காரரிடம் தூரத்துச் சொந்தம், ரெண்டு நாளில் போய்விடுவேன் என்று சொன்னாயே, அந்தப் பேச்சு இனி கிடையாது. இந்த வீட்டின் பத்தாவது ஆள் என்று சொல். டிரம்மில் உன் துணிக்கும் இடம் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பது பேர் சார்பில்,
அம்மா