ஜீப்பில் பங்குபோடும் மாத்திரைகள்

அனுப்புநர்:
ஒ. சங்கிலி,
த/பெ ஒச்சாண்டி,
ஜீப்பு ஓட்டுநர்,
கீழத்தெரு, வேலங்கரடு,
கம்பம் வழி, தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: வேலங்கரடு அரசு மருத்துவமனையில் நோயாளி நேரில் வந்தால்தான் மாத்திரை என்ற புதிய நடைமுறை – ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் மருந்தின்றித் தவிப்பது – மாலையிலும் மாத்திரை வழங்கக் கோருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். எங்கள் ஊர்ப் பெண்களைக் காலையில் மலை ஏற்றி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கி, பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுவந்து விடுவது என் தொழில். என் மனைவி அக்கம்மாளும் அதே ஜீப்பில்தான் வேலைக்கு வந்தார். வந்தார் என்று எழுத வேண்டியதாகிவிட்டது.

2. ஜீப்பில் வரும் பெண்கள் பெரும்பாலோருக்கு இரத்த அழுத்தம் உண்டு. மருத்துவமனையில் மாத்திரை கொடுப்பது மதியம் வரைதான். அந்த நேரம் நாங்கள் மலைமேல் இருப்போம். வீடு தேடி மருந்து தரும் சகோதரியும் பகலில் வந்து எங்கள் பூட்டுகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

3. இதற்காக எங்கள் ஜீப்பில் 'முறை' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மாதம் ஒருவர் வேலைக்கு வராமல் தங்கி, எல்லோருடைய மருத்துவச் சீட்டுகளையும் கொண்டுபோய், அவரவர் மாத்திரையை வாங்கி வருவார். அன்று அவர் கூலி போகாமலிருக்க, அவர் பெயருக்கும் மற்றவர்கள் ஏலக்காய் எடுத்துப் போடுவார்கள். வேலை வாங்கும் கங்காணி தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துகொள்வார். பல வருடம் இப்படித்தான் நடந்தது. ஒருவருக்கும் மாத்திரை தவறியதில்லை.

4. சென்ற ஆண்டு மருத்துவமனை நிர்வாகத்தைச் சீரமைத்தார்கள். மாத்திரைகள் வெளியே விலைபோவதாகப் புகார் வந்ததாம். திருட்டைத் தடுக்கட்டும், எனக்கும் சந்தோஷமே. ஆனால் அதற்காக நோயாளியே வந்து கணினியில் முகம் காட்டினால்தான் மாத்திரை என்று வைத்துவிட்டார்கள். அந்த மாதம் முறைக்குப் போன செபஸ்தியம்மாள் மருந்து கொடுக்கும் இடத்தில், "யய்யா, நாங்க எல்லாம் ஒரே ஜீப்பு. ஒருத்தி வந்தா எல்லாரும் வந்த மாதிரிதான்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் வந்து என்னிடம், "ஆபீசரு நல்லாத்தான் பேசினாக. கம்ப்யூட்டரு ஒத்துக்கலையாம்ணே" என்றார். அவர் பங்கு மாத்திரை மட்டும் கையில் இருந்தது.

5. அதன் பிறகு நடந்ததுதான் நான் இந்த மனுவை எழுதக் காரணம். எங்கள் ஜீப்பில் ஒருவர் குழம்பை ஒருவர் வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். யாராவது பட்டினி இருந்தால் மற்றவர்களுக்குச் சோறு இறங்காது. மாத்திரையையும் அப்படியே செய்தார்கள். மாதம் ஒருவருக்கு மேல் தங்கக் கங்காணி விடமாட்டார். அதனால் அந்த மாதம் தங்கி யாருக்குக் கிடைக்கிறதோ அவர் அதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொருவர் மாத்திரைக்கும் அளவு வேறு, மருந்தே வேறு என்பதை யாரும் யோசிக்கவில்லை. பிரஷர் மாத்திரை பிரஷர் மாத்திரைதானே என்று இருந்துவிட்டார்கள். நானும் அதைப் பார்த்து, என்ன மனசு இவர்களுக்கு என்று பெருமைப்பட்டேன்.

6. எல்லோரிலும் அதிக அழுத்தம் உள்ளவர் என் மனைவி. ஆவணியில் ஒருநாள் காய் எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மலைப்பாதையில் நான் அன்றைக்குப்போல் என்றும் வண்டி ஓட்டியதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். சரியான மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலும் இது வந்திருக்காது என்றும் சொன்னார்கள்.

7. மருந்து வாங்கும் இடத்தில் கூட்டத்தைக் குறைத்ததற்காக எங்கள் மருத்துவமனைக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்திருக்கிறது. கண்ணாடி போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள். கூட்டம் குறைந்தது உண்மைதான் ஐயா. குறைந்தவர்கள் யார் என்று பார்க்க விரும்பினால், அதிகாரிகள் ஒருநாள் காலையில் என் ஜீப்பில் ஏறி வரலாம். முன்சீட்டு காலியாகத்தான் இருக்கிறது. என் மனைவி உட்கார்ந்த இடம் அது.

8. இத்தனைக்குப் பிறகும் மாத்திரையைப் பங்குபோடுவது நிற்கவில்லை. நான் சத்தம் போட்டேன். "அப்ப மத்தவக சும்மா இருக்கணுமாண்ணே?" என்று ஜீப்பில் வரும் ரீட்டா கேட்டார். தினமும் அவர்களை மலை ஏற்றும்போது பயமாக இருக்கிறது. அடுத்து யார் என்றுதான் மனம் போகிறது.

9. யாரையும் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாரம் ஒருநாளாவது ஜீப்புகள் இறங்கிய பின் மாலையில் மாத்திரை கொடுக்கச் செய்யுங்கள். எல்லோரும் வந்து முகம் காட்டுகிறோம். அந்த ஏற்பாடு வரும்வரை, முறைக்கு வருபவரிடம் மற்றவர்களின் மாத்திரையைக் கொடுத்தனுப்ப உத்தரவிடுங்கள். இன்னொருவர் மலையில் சரிவதற்குள் தாங்கள் இதைச் செய்துதர வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வேலங்கரடு
நாள்: 10.11.2025

இப்படிக்கு,
ஒ. சங்கிலி (ஒப்பம்)

உடன் கையொப்பமிடும் ஜீப்புத் தொழிலாளர்கள்:
செபஸ்தியம்மாள் (ஒப்பம்)
ரீட்டா (ஒப்பம்)
அனிதா மேரி (ஒப்பம்)
அக்கம்மாள் – இடது கைப் பெருவிரல் ரேகை. (இவர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். வலது கை வராததால் ரேகை வைத்திருக்கிறார்.)