மூன்று கிளிக் வலப்பக்கம்

சற்று முன்புதான், துப்பாக்கியில் மாட்டிக் குறிபார்க்கிற உன் ஸ்கோப்பைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்து மூடினேன். அரிசி வாசமும் துப்பாக்கி எண்ணெய் வாசமும் கலந்து வந்தால் உன் ஞாபகம் வராமல் இருக்குமா? ராகலைக் குளிருக்கு வில்லைகளில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று நீ கண்டுபிடித்த வைத்தியம் அது. முதல் நாள் சோற்றுக்கு அரிசி அள்ளப்போன உன் மாமியார், “அரிசிக்குள்ள என்னாடி இரும்புக் குழாய்?” என்று அலறினார். “அதுதாங்க அத்தே என் நகை. பத்திரமா மூடி வைங்க” என்றாய் நீ.

நான் தபாலகத்தில் முத்திரை குத்துகிறவள். நீ தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைத் தூங்கவைக்கிறவள். நமக்கும் ரைபிளுக்கும் என்ன சம்பந்தம்? நுவரெலியாவில் துப்பாக்கி சுடுகிற கிளப்பில் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்களாம் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். உங்கள் லயத்துக் கடைசி வீட்டு மாமா நம்மை வழிமறித்து, “துவக்கு பழகி என்னா செய்யப் போறீங்க, பன்னியா சுடப் போறீங்க?” என்று கேட்டார். “இல்லங்க மாமா, கடதாசியைத்தான் சுடப் போறோம். அது திருப்பிப் பேசாது பாருங்க” என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு நடந்தாய். நான்தான் வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் வந்தேன்.

ரைபிளைக் கிளப்பிலேயே பூட்டி வைத்துவிடுவார்கள். ஸ்கோப் மட்டும் நம்மோடு வீட்டுக்கு வரும். அதற்காகவே உன் அண்ணன் வெளிநாட்டிலிருந்து, கழற்றி மாட்டுகிற பிடியோடு அதை வாங்கி, அனுமதியும் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். திருப்புளி வேண்டாம். இரண்டு லீவரையும் விரலால் திறந்தால் ஸ்கோப் கையோடு வந்துவிடும். மறுபடி மாட்டினாலும் குறி மாறாது என்று சத்தியம் பண்ணினார். நான் நம்பவில்லை. இவ்வளவு லேசாகக் கழன்று வருகிற எதையும் நம்புகிற சுபாவம் எனக்கு இல்லை.

நான் நினைத்தபடியே ஆயிற்று. நான் மாட்டிச் சுட்டபோது இலக்கு அட்டையெல்லாம் கோழி கிளறின குப்பை மாதிரி ஓட்டைகள். “பாத்தியா, உங்கண்ணனை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க” என்றேன்.

“எங்கண்ணனை எதுக்குடி இழுக்கிற? நீ மாட்டுன லட்சணம் அப்படி. காலையில ராகலை பஸ்ல ஏறுற மாதிரி முன்னால தள்ளு. முட்டுற வரைக்கும் தள்ளிட்டு அப்புறமா லீவரை மூடு.”

தள்ளினேன், மூடினேன், சுட்டேன். குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தன. நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன் கண்ணுக்குச் சரியாக வைத்த ஸ்கோப்பில் நான் சுட்டால் இடப்பக்கம் போகும். அதனால் என் முறை வந்ததும் அதன் பக்கவாட்டுத் திருகை, அது எழுப்புகிற சத்தத்தை எண்ணி, மூன்று கிளிக் வலப்பக்கம் திருப்பிக்கொள்வேன். சுட்டு முடித்ததும் மறுபடி உன் இடத்துக்கே கொண்டுவந்துவிடுவேன். ஸ்கோப் உன்னுடையதல்லவா, அதுதானே மரியாதை.

பிறகு உன் இரத்தத்தில் நோய் என்றார்கள். கடைசியாகக் கிளப்புக்கு வந்த அன்று உன்னால் ரைபிளைத் தூக்கவே முடியவில்லை. என் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு நான் சுடுவதைப் பார்த்தாய். கிளம்பும்போது, “திருப்பி வச்சிட்டியாடி? அடுத்த கிழமை நான் வந்து சுடுவேன்” என்றாய். வைத்துவிட்டேன் என்றேன். நீ வரவில்லை. காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர்தான் ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். “இது உங்ககிட்டதான் இருக்கணும்னு அவ சொல்லிட்டுப் போயிருக்கா” என்று கொடுத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போனார்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு வாரமும் சுட்டு முடித்ததும் மூன்று கிளிக் உன் பக்கம் திருப்பித்தான் வைத்தேன். பைத்தியம் என்று நினைக்கிறாயா? நினைத்துக்கொள். அது உன் இடத்தில் இருக்கிற வரைக்கும், நீ அடுத்த கிழமை வரப்போகிறவள்தான்.

மாகாண அணிக்கான முதல் தெரிவுப் போட்டியில் அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதற்றத்தில் என் கண்ணுக்குத் திருப்ப மறந்துபோய், உன் இடத்திலேயே வைத்து அத்தனையும் சுட்டுவிட்டேன். பயிற்சி கொடுக்கிற சிங்கள மாத்தையா அட்டையைப் பார்த்துவிட்டு, என்னைத் தங்கை முறை வைத்து, “நங்கி, எல்லாம் ஒரே இடத்துல இருக்கு. ஆனா அது தப்பான இடம்” என்றார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான், அதிலும் தவறினால் அணியை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். செத்துப்போனவளைத் திட்டுகிறோமே என்று நினைத்ததும் அழுகை வந்தது.

அந்த ஒரே வாய்ப்பு இன்றைக்கு. காலையில் பனிமூட்டம் அட்டையை மறைத்துவிட்டு வெகுநேரம் விளையாட்டுக் காட்டியது. அது விலகியதும் ஸ்கோப்பை முட்டுகிற வரைக்கும் தள்ளிப் பூட்டினேன். மூன்று கிளிக் வலப்பக்கம். மறக்கவில்லை. சுட்டு முடித்து எழுந்தபோது மாத்தையா அட்டையோடு வந்தார். “இப்ப சரியான இடம். டீம்ல இருக்கீங்க நங்கி” என்றார். அடுத்த மாதம் கொழும்பில் போட்டி. உன் மாமியாரிடம் சொன்னேன். “அந்த நகையைப் போட்டுக்கிட்டா போற?” என்று கேட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். இன்று சுட்டு முடித்ததும் என் கை வழக்கம்போலத் திருகுக்குப் போனது. விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். ஸ்கோப் இப்போது என் கண்ணுக்குத்தான் இருக்கிறது. நீ வந்தால் மூன்று கிளிக் இடப்பக்கம் திருப்பிக்கொள்ளடி. இனி அது உன் வேலை.